சாம்பிளுக்கு ஒரு டம்ளர்

இந்தக் காலத்து ஆட்களுக்குச் சாப்பிடத் தெரியாது என்பது குத்தூசியின் கட்சி. தட்டு வந்ததும் கை நீளாது, போன் நீளும். அந்தப் பக்கம் திருப்பி ஒரு படம், இந்தப் பக்கம் திருப்பி ஒரு படம். சூடெல்லாம் போன பிறகு, கறியில் ஒட்டியிருக்கும் கொழுப்பைப் புண்ணிலிருந்து பஞ்சை எடுப்பது போல நறுக்கி ஓரமாக ஒதுக்குவார்கள். குடிக்கிறவர்கள் கதை அதைவிட மோசம். கிளாஸைப் பிடித்து ஆட்டுவது, மூக்கை உள்ளே விடுவது, கண்ணை மூடிக்கொண்டு முனகுவது, கடைசியில் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புவது.

"கொப்பளிக்கிறதைக் காலையில வீட்டிலேயே முடிச்சுட்டு வர வேண்டியதுதானே?" என்பார், பக்கத்து மேஜைக்கும் கேட்கிற குரலில்.

அவர் படித்தது நாலாம் வகுப்பு வரை. முப்பத்து நாலு வருஷம் ஒரு பெரிய தானியக் கிடங்கின் வாசலில் நின்று, உள்ளே வரும் மூட்டைகளைச் சோதித்தவர். அதற்கான ஆயுதம் குத்தூசி. ஒரு சாண் நீள இரும்புக் குழாய், நுனி சாய்வாக வெட்டியிருக்கும். மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளே இருப்பது குழாய் வழியே உள்ளங்கைக்கு வந்துவிடும். ஆளுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. வேலை போன பிறகும் பெயர் போகவில்லை. மேலே அடுக்கிய மூட்டையைப் பார்த்து அவர் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அடியில் கிடப்பதைக் குத்திப் பார்ப்பார். பார்த்த பிறகும், ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துத் துணியில் முடிந்து, ஒரு மாதம் ஆணியில் தொங்கவிடுவார். பின்னால் எவனாவது வந்து 'நான் அனுப்பியது அது இல்லை' என்றால், அவன் முகத்துக்கு முன்னால் முடிச்சை அவிழ்த்துக் காட்ட வேண்டும் அல்லவா?

இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். வீட்டின் முன்பாதி சாப்பாட்டுக் கடை, பின்பாதி வீடு, நடுவில் சமையலறை. கடையில் ஆறு மேஜை. மகள் சமைப்பாள். மாப்பிள்ளை பரிமாறுவார், பாத்திரமும் கழுவுவார். குத்தூசிக்கு வெங்காயம் உரிக்கும் வேலை. எத்தனை கிலோ உரித்தாலும் அவர் கண்ணில் ஒரு சொட்டு வராது.

"வெங்காயம் என்ன பண்ணும், பாவம். அப்பாவைப் பாத்து அதுக்கே அழுகை வரும்," என்பாள் மகள்.

ஆறு மேஜையில் பெரும்பாலான நாள் நிறைவது இரண்டுதான். போன வாரம் தரை துடைத்துக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னாள்: "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்ப்பா. இல்லைன்னா நான் ஆஸ்பத்திரி கேண்டீனுக்கே திரும்பிப் போயிடறேன். இடம் காலியாத்தான் இருக்காம்."

குத்தூசி வெங்காயக் கூடையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். எட்டு வருஷம் அந்தக் கேண்டீனில் விடியுமுன் போய், பெரிய அண்டாவில் உப்பில்லாத கஞ்சி கிண்டியவள் அவள். அந்த எட்டு வருஷமும் வீட்டுக்கு வந்தால் பேச்சு இருக்காது. சொந்தக் கடை வைத்த பிறகுதான் வெங்காயம் நறுக்கும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு ஓடத் தொடங்கியது. அது என்ன பாட்டு என்று அவருக்குத் தெரியாது. ஓடுகிறது என்று மட்டும் தெரியும். அதைக் கவனித்ததாக அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நேரத்தில்தான் ஒயின்காரம்மா போன் செய்தார். மலைக்கு அந்தப் பக்கம் சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் வைத்து, சொந்தமாக ஒயின் இறக்குகிற பெண்மணி. இந்த வருஷம் புதிதாக ஒரு சிவப்பு ஒயின் வெளியே வருகிறது. அதைச் சாப்பாட்டோடு வைத்துப் பரிமாற இந்தத் தெருவில் ஒரு கடையைத் தேர்ந்தெடுக்கப் போகிறாராம். ஆறு மாதத்துக்கு, ஞாயிறு தோறும் நாற்பது பேர் பஸ் வைத்து வருவார்கள். போட்டியில் இருந்தது இரண்டே கடைகள். ஒன்று மகளுடையது. மற்றொன்று நேர் எதிரே, பதினெட்டு மேஜையும் வாசலில் தொட்டிச் செடிகளுமாக நின்ற கடை.

சொன்ன நாளில் காலை பத்து மணிக்கு ஒயின்காரம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஷூவில் காய்ந்த மண். விரல் நகங்களின் ஓரத்தில் கழுவினாலும் போகாத ஊதாக் கறை. அந்தக் கறையைப் பார்த்து, 'வேலை செய்கிற கைதான்' என்று குத்தூசி மனசுக்குள் ஒரு மார்க் போட்டார். அடுத்த நிமிடமே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் பையிலிருந்து ஒரே ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து, அகலமான அடிப்பாகம் உள்ள கண்ணாடி ஜாடி ஒன்றில் முழுவதையும் ஊற்றி, சமையலறைப் பக்கத்து மேடையில் அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"ஏம்மா, மூடி போட வேணாமா?"

"வேணாம் ஐயா. ரெண்டு மணி நேரம் மூச்சு விடட்டும். இது கொஞ்சம் முரட்டு ஒயின். இத்தனை நாள் அடைஞ்சே கிடந்ததில்லையா? காத்துப் பட்டாத்தான் கோபம் தணியும்."

"காத்துப் பட்டுக் கோபம் தணியும்னா, எங்க மாப்பிள்ளையைத்தான் முதல்ல வாசல்ல நிக்க வைக்கணும்."

"நானா மாமா கோபக்காரன்?" என்றார் மாப்பிள்ளை, மேஜைத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே. "நீங்க முப்பத்து நாலு வருஷம் வாசல்லதான் நின்னீங்க. எவ்வளவு தணிஞ்சதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

ஒயின்காரம்மா சிரித்துவிட்டார். "எதிர்க்கடைக்கும் ஒரு பாட்டில் குடுத்திருக்கேன். அதைக் காலையிலேயே திறந்து வச்சாச்சு. அங்க முதல்ல பாத்துட்டு, பன்னிரண்டரைக்கு இங்க வரேன்," என்று தெருவைக் கடந்து போனார்.

மாப்பிள்ளை ரொட்டி வாங்கப் போனார். மகள் குளித்து உடை மாற்றக் கிளம்பினாள். போகும்போது கதவருகே நின்று விரல் நீட்டிச் சொன்னாள்: "அப்பா, பதினோரு மணிக்குக் கேன்ல இருந்து ஒரு டம்ளர் ஒயின் எடுத்துக் கறிச் சட்டியில ஊத்திடுங்க. ஒரு டம்ளர்தான். வேற எதையும் தொடாதீங்க."

கேன் என்பது சமையலுக்கென்று வாங்கி வைத்த ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். அதிலிருப்பதும் சிவப்பு ஒயின்தான், பெயரில்லாத வகை. சட்டியில் ஆட்டுத் தொடைக்கறி எலும்போடும் கொழுப்போடும் வெந்துகொண்டிருந்தது. அந்தக் கொழுப்புக்காகவே காலையில் ஒரு சண்டை நடந்திருந்தது. வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், அரிந்து எடுத்துவிடலாம் என்றாள் மகள். கொழுப்பை எடுத்தால் கறியையும் எடுத்துவிடு, நான் வெறும் ரொட்டி தின்கிறேன் என்றார் அவர். கொழுப்பு சட்டியிலேயே தங்கிற்று.

குத்தூசி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிர்க்கடையைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒயின்காரம்மா உட்கார்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. கடைக்காரன் ஒரு தட்டை வைத்தான். இன்னொரு தட்டை வைத்தான். குனிந்து என்னவோ சொன்னான். அந்த அம்மாள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சிரித்தார்.

குத்தூசிக்குக் கிடங்கு வாசல் ஞாபகம் வந்தது. மேல் மூட்டை இவ்வளவு பளபளப்பாக இருந்தால் அடியில் என்ன கிடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? எல்லாம் அங்கேயே முடிவாகிவிட்டது. இங்கே வருவது பேருக்கு. வந்து, கிளாஸை ஆட்டி, மூக்கைச் சுளித்து, 'உங்க கறிக்கு ஒத்து வரலைம்மா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பாவம் இந்தப் பெண், அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு கஞ்சி அண்டாவுக்குத் திரும்பிவிடும்.

சரி, அந்த மூக்கையும் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிடுவோம்.

ஜாடிக்குள் விரலை விட்டு நக்கினார். மை மாதிரிக் கறுத்த சிவப்பு. நாக்கில் பட்டதும், யாரோ நாக்கின் மேல் கோணிச்சாக்கை விரித்தது போல இருந்தது. ஈறு இழுத்துக்கொண்டது. மூன்று தரம் கொதிக்கவிட்ட தேயிலைத் தண்ணீர்கூட இப்படித் துவர்க்காது. அடுத்துக் கேனிலிருந்து ஒரு வாய். லேசாக இனித்து, வம்பு வழக்கில்லாமல் தொண்டையில் இறங்கிப் போயிற்று.

"இது ஒயின். அது தண்டனை," என்று தனக்குள்ளே தீர்ப்புச் சொன்னார்.

திட்டம் சுலபமானது. ஜாடியில் கேன் ஒயினை ஊற்றி வைப்பது. அந்த அம்மாள் அதையே தன் ஒயின் என்று நினைத்து முனகினால், எல்லார் முன்னாலும் கேனைத் தூக்கிக் காட்டுவது. கேனுக்கும் ஜாடிக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு என் மகள் கறியைப் பற்றி என்ன தீர்ப்புச் சொன்னால்தான் என்ன?

ஜாடியில் இருப்பதைக் கீழே கொட்ட மனசு வரவில்லை. தின்னும் பொருளைக் கொட்டிப் பழக்கமில்லாதவர். எப்படியும் சட்டிக்கு ஒயின் ஊற்ற வேண்டிய நேரம்தான். முதலில், கை பழகிய பழக்கத்தில், ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறைய மொண்டு உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தார். ஈ விழாமல் மேலே ஒரு சின்னத் தட்டைச் சாய்த்து வைத்தார். மிச்சத்தை அப்படியே கறிச் சட்டியில் கவிழ்த்தார். சட்டி ஒரு நிமிடம் திகைத்து நின்று, பிறகு மெதுவாகக் கொதிக்க ஆரம்பித்தது. கேனைச் சாய்த்து ஜாடியை நிரப்பினார். நிறம் கொஞ்சம் வெளுப்புதான். ஜாடியை நிழல் பக்கம் நகர்த்தினார்.

மகள் வந்து மூடியைத் திறந்தவுடன் நின்றுவிட்டாள். "என்னப்பா, இவ்வளவு கறுப்பா இருக்கு?"

"வெந்தா கறுக்கும்."

"ஒரு டம்ளர்தானே ஊத்தினீங்க?"

"வாசனை எப்படி இருக்கு பாரு. நல்ல கறி. நான்தான் அப்பவே சொன்னேனே."

அவள் குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். புருவம் சுருங்கிற்று. இன்னொரு சொட்டு. ஒரு வெண்ணெய்க் கட்டியைப் போட்டுக் கிளறினாள். மறுபடியும் நக்கினாள். புருவம் மெதுவாக விரிந்தது. சட்டியை மூடிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒருநாள் வாயைத் திறக்காம இருங்கப்பா. இதை விட்டா எனக்கு வேற வழி இல்லை."

அடுக்கி வைத்த தட்டுகளை மறுபடி எண்ணினாள். குத்தூசி அவளைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். போட்ட முடிச்சை அவிழ்த்துவிடலாமா என்று முதல் தடவையாகத் தோன்றியது. ஆனால் சட்டிக்குள் போனதை எந்தக் குத்தூசியும் வெளியே எடுக்காது.

பன்னிரண்டரைக்கு ஒயின்காரம்மா வந்து ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார். மகள் மூன்று தட்டு கொண்டுவந்து வைத்தாள். சுட்ட மீன், பூண்டு போட்டு வதக்கிய காளான், தொடைக்கறி. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, காதில் புதிதாகச் சீவிய பென்சில். இரண்டு நாளாக மனப்பாடம் செய்ததை ஒப்பித்தபடி ஜாடியிலிருந்து கிளாஸில் ஊற்றினார்.

"இந்த ஒயின்ல கறுப்புப் பழ வாசனை வரும். பதப்படுத்தின தோல் வாசனை வரும். புகையிலை. அப்புறம் பென்சில் சீவல்…"

சமையலறை வாசலில் வெங்காயத்தோடு நின்ற குத்தூசி முணுமுணுத்தார்: "செருப்புக் கடைக்குள்ள பெட்டிக்கடை வச்ச மாதிரி இருக்கு."

மகள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

ஒயின்காரம்மா கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றினார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடவில்லை, முனகவும் இல்லை. கிளாஸைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து முகர்ந்தார். குடிக்காமலே தள்ளி வைத்தார்.

"இது என்னுது இல்லை."

மகளின் முகம் வெளுத்துப்போயிற்று. அவள் கண் நேராகப் புருஷன் மேல் போய் நின்றது.

"என்னங்க…"

"என்னை ஏன் பாக்கற? நான் தொடவே இல்லை! ரொட்டிக் கடையில வரிசையில நின்னேன். வேணும்னா போய்க் கேளு!"

"ரெண்டு மணி நேரம் இங்கதானே இருந்தது? யாராவது குடிச்சுட்டு வேற எதையாவது…"

"அப்ப நான் குடிச்சேன்னே முடிவு பண்ணிட்டியா?"

குத்தூசி நினைத்து வைத்திருந்த காட்சி இது இல்லை. அந்த அம்மாள் முனகவேண்டும், அவர் கேனைத் தூக்கவேண்டும், எல்லாரும் வாயடைத்து நிற்கவேண்டும். இங்கே மாப்பிள்ளை அல்லவா குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"அவரை விடு. நான்தான். ஜாடியில இருக்கறது கேன் ஒயின்."

"அப்பா!"

"சோதிச்சுப் பாத்தேன். இவங்களுக்கு உண்மையிலேயே தெரியுமா, சும்மா மூக்கை ஆட்டறாங்களான்னு."

மகள் கத்தியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் கத்தவில்லை. தோளில் கிடந்த துணியை எடுத்து மேஜையில் ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "திங்கக்கிழமையிலிருந்து வரேன்னு கேண்டீன்ல சொல்லிடட்டுமாப்பா?"

ஆயிரம் மூட்டை சரிந்து மேலே விழுந்திருந்தால்கூட அவருக்கு அப்படி இருந்திருக்காது.

ஒயின்காரம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். "ஐயா, என் ஒயினை என்ன பண்ணீங்க?"

"கறியில ஊத்திட்டேன்."

"கறியிலயா? எவ்வளவு?"

"ஜாடியோட."

"ரெண்டு வருஷம் பீப்பாயில வச்சுக் காத்திருந்தேன். நீங்க ஒரு நிமிஷத்துல சட்டியில ஊத்திட்டீங்க."

"ஒரு நிமிஷம் ஆகலை," என்றார் குத்தூசி. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஒரு டம்ளர் மட்டும் எடுத்து வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"சாம்பிளுக்கு. எந்தச் சரக்கு வந்தாலும் ஒரு பிடி எடுத்து வைக்கணும். பின்னாடி நீங்க வந்து, நான் குடுத்தது அது இல்லைன்னு சொன்னா காட்டணும் இல்ல?"

"இப்ப சொல்லியாச்சே. காட்டுங்க."

அவர் உள்ளே போய் உப்பு ஜாடிக்குப் பின்னாலிருந்து டம்ளரை எடுத்து வந்தார். ஒயின்காரம்மா தட்டை விலக்கி, எவர்சில்வர் டம்ளருக்குள் மூக்கை வைத்தார். இந்தத் தடவை அவர் முகம் மாறிற்று. பஸ் ஸ்டாண்டில் காணாமல் போன பையைக் கண்டெடுத்தவர் முகம் மாதிரி இருந்தது.

"இதுதான். வாய் அகலமான டம்ளர், நல்லாவே மூச்சு விட்டிருக்கு." நிமிர்ந்து மகளிடம் சொன்னார், "இதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது. நாலு கிளாஸ் கொண்டு வாம்மா. மீனை எடுத்துடு. இந்த ஒயினோட மீன் சேர்ந்தா வாயில ஆணியை வச்ச மாதிரி இருக்கும். எதிர்க்கடையில எனக்கு அதைத்தான் போட்டாங்க. ரெண்டு தட்டு."

"அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சீங்களா?" என்றார் குத்தூசி.

"எப்ப?"

"ரெண்டு தரம். நான் ஜன்னல்லேருந்து பாத்தேன்."

"அதுவா? அவங்க பூனை என் ஷூ மேல படுத்துத் தூங்கிடுச்சு. எழுப்பினா, இன்னொரு ஷூவுல போய்ப் படுத்துக்குது."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். குத்தூசி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஒரு டம்ளர் ஒயின் நாலு கிளாஸில் அடியைத் தொட்டு நின்றது. ஒயின்காரம்மா ஒன்றை அவர் பக்கம் தள்ளினார். "உங்க சாம்பிள். நீங்கதான் ஆரம்பிக்கணும். முதல்ல வெறுமனே ஒரு வாய்."

குடித்தார். அதே கோணிச்சாக்கு. "துவர்க்குது."

"துவர்க்கும். இப்ப கொழுப்போட ஒரு துண்டு கறி. நல்லா மென்னுட்டு, வாயில சாறு இருக்கும்போதே இன்னொரு வாய்."

கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது. கொழுப்பு உதட்டில் ஒட்டி, நாக்கில் கரைந்தது. குழம்பு கறுப்பாக, கெட்டியாக, ஆழத்திலே ஒரு புளிப்போடு இருந்தது. அதன் மேலே ஒயினை விட்டார். சாக்கை யாரோ நாக்கிலிருந்து ஒரே இழுப்பில் உருவிக்கொண்டார்கள். அந்த முரடு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பழம் மட்டும் நின்றது. கறிகூட, முன்னைவிட அதிகமாகக் கறியாக இருந்தது.

குத்தூசி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார்.

"கிளாஸை மாத்திட்டீங்களா?"

"மாமா, என் ரெண்டு கையும் இங்கதான் இருக்கு!"

இன்னும் ஒரு தடவை முகர்ந்தார். பென்சில் சீவல் வாசனை வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது. கிடங்கு வாசலில் முப்பத்து நாலு வருஷம் தானே காதில் செருகியிருந்த பொருளாயிற்றே, தெரியாமல் போகுமா? அவருக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் மாப்பிள்ளையின் காதில் பென்சில் இருப்பதைக் கண்டதும் கோபம் தணிந்தது. சரிதான், அங்கிருந்துதான் வந்திருக்கும்.

ஒயின்காரம்மா காளானில் ஒரு வாய் வைத்துத் தலையாட்டினார். கறிக்கு வந்ததும் தலையாட்டுவதையும் நிறுத்திவிட்டார். ஒரு துண்டு, ஒரு மிடறு. ஒரு துண்டு, ஒரு மிடறு. ஒயின் தீர்ந்த பிறகும் கறி தொடர்ந்தது. தட்டில் ஒட்டியிருந்த குழம்பை ரொட்டியால் வழித்தார். ரொட்டி தீர்ந்தது. மாப்பிள்ளை இன்னொன்று கொண்டுவந்தார். அதுவும் தீர்ந்தது. மகள் துணியை முறுக்கியபடி நின்றிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் குத்தூசி, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, வாயைத் திறக்காமல் இருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சுடலாமாம்மா?" என்றார் ஒயின்காரம்மா கடைசியில்.

மகள் பட்டென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரே நிபந்தனை. கறி இன்னிக்கு இருக்கற மாதிரியே இருக்கணும். சமையலுக்குன்னு தனியா என் ஒயினையே அனுப்பறேன். கேன் வேணாம்."

"இதே மாதிரின்னா…" மகள் இழுத்தாள். அவள் கண் அப்பாவிடம் வந்தது. "அளவு இவருக்குத்தானே தெரியும்."

"அளவு என்ன பெரிய அளவு? ஒரு ஜாடி. சாம்பிளுக்கு ஒரு டம்ளர் கழிச்சுக்க."

முதலில் மாப்பிள்ளைதான் சிரித்தார். அப்புறம் ஒயின்காரம்மா. மகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாதபடி முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டாள். துணிக்குள்ளிருந்தே, "இனிமே அடுப்புப் பக்கம் வந்தீங்கன்னா பாருங்க," என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

அந்த அம்மாள் போன பிறகு மகள் சட்டியை ஒட்டத் துடைத்து, மூன்று பேருக்கும் ரொட்டியில் வைத்துக் கொடுத்தாள். அவர் பங்கில் கொழுப்புத் துண்டுகள் தாராளமாக இருந்தன. திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்துச் சட்டி கழுவும்போது, தண்ணீர் சத்தத்துக்கு ஊடே, வாய்க்குள் அந்தப் பாட்டு ஓடத் தொடங்கியது. குத்தூசி வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வயிறு நிறைந்திருந்தது. மற்றதும் ஏறக்குறைய நிறைந்திருந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது.

"அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"மூக்கு மாமா. முப்பது வருஷப் பழக்கமாம். உங்களுக்கு மூட்டை மாதிரி," என்றார் மாப்பிள்ளை, கிளாஸ் துடைத்துக்கொண்டே.

"மூட்டையை நான் குத்திப் பாத்துச் சொல்வேன். மோந்து பாத்துச் சொன்னதில்லை."

எழுந்து சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றினார். மேஜைக்கு அடியில் குனிந்தார். கேன் அங்கேயே இருந்தது, மூடி திறந்தபடி. மூடி ஒரு முழம் தள்ளித் தரையில் கிடந்தது. அவசரத்தில் அவரே மறந்துவிட்டது.

"இதோ! இதைப் பாத்துத்தான் சொல்லியிருக்காங்க!"

"மாமா, அவங்க உக்காந்த இடத்துக்கும் இதுக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கு."

"வரும்போது எட்டிப் பாத்திருப்பாங்க."

"அவங்க இந்தப் பக்கம் வரவே இல்லையே!"

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்களா? பென்சில் சீவல்னு ஒப்பிச்சுக்கிட்டு இருந்தீங்க." மூடியை இறுக்கித் திருகினார். "ஞாயித்துக்கிழமை வருவாங்கல்ல? மூணு கிளாஸ். கண்ணைக் கட்டி வச்சுக் கேக்கறேன். அப்ப சொல்லட்டும்."

"அப்பா!" என்றாள் மகள் உள்ளிருந்து. பாட்டு நின்று, மறுபடி தொடர்ந்தது.

"சரி மாமா, ஒயினும் கறியும் சேர்ந்தது எப்படி இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க."

குத்தூசி செருப்பை மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்து, வாசற்படியில் நின்று யோசித்தார்.

"கறி நல்லா இருந்துச்சு," என்றார்.

எதிர்க்கடை வாசலில் ஒரு பூனை தொட்டிச் செடிக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. சாதாரணப் பூனை. யார் ஷூவிலும் படுக்கிற பூனையாகத் தெரியவில்லை. அதை ஒரு தரம் முறைத்துப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை இல்லை இல்லை என்று ஆட்டியபடியே குத்தூசி தெருவில் நடந்து போனார்.